மருத்துவச்சியின் கல்விக் கட்டணமும் தாண்டவராயரின் இரு கன்னங்களும்

முன்னொரு காலத்தில் வரி இல்லாத நாடு ஒன்று இருந்ததாக எவரும் சொல்லக் கேட்டதில்லை. ஆகையால் இந்தக் கதை நடந்த நாட்டிலும் வரி இருந்தது என்பதைப் படிப்பவர்கள் அருள்கூர்ந்து பொறுத்துக்கொள்ள வேண்டும். அந்நாட்டின் பெயர் எந்த ஏட்டிலும் காணப்படவில்லை. அரசரின் பெயர் மட்டும் மகுடவர்மர் என்று தெரிகிறது.

மகுடவர்மரின் நாட்டில் வரி விதிக்கும் முறை எளிமையானது. ஒரு கூரையின் கீழ் வாழ்வோர் ஓராண்டில் ஈட்டியதை எல்லாம் ஒன்றாகக் கூட்டுவார்கள். அவ்வீட்டார் தத்தம் தொழிலை நடத்துவதற்காகச் செய்த செலவை அதிலிருந்து கழிப்பார்கள். மிஞ்சியதில் ஆறில் ஒரு பங்கு அரண்மனைக்குச் சேரும். குயவர் களிமண்ணுக்குக் கொடுத்த பொன் கழியும். தச்சர் உளி வாங்கிய பொன் கழியும். நாவிதர் தம் கத்திக்குச் சாணை பிடிக்கக் கொடுத்த கூலியும் கழியும். மனைவிக்கு வாங்கிய வளையல் கழியாது. எவ்வளவு கெஞ்சினாலும் கழியாது.

ஆண்டுதோறும் ஆனிப் பௌர்ணமியன்று வரிச்சபை கூடும். அச்சபைக்கு ஒரு விநோதமான வழக்கம் உண்டு. பிறர் பொருளை வாங்குகிறவரின் முகம் மறைவின்றித் தெரிய வேண்டும் என்பது அந்நாட்டாரின் கொள்கை. ஆதலால் வரி வாங்கும் அதிகாரி அன்று காலை, மக்கள் காணச் சபை முற்றத்தில் அமர்ந்து, அரண்மனை நாவிதரிடம் முகம் மழித்துக்கொண்ட பிறகே ஆசனத்தில் ஏற வேண்டும். மழிக்காத முகத்துடன் வாங்கிய வரி செல்லாது.

அவ்வாண்டு அரசருக்குச் சதுரங்கம் சலித்துவிட்டது. வேட்டையும் சலித்துவிட்டது, மான்கள்கூட முன்போல ஆர்வத்துடன் ஓடவில்லை என்று குறைபட்டுக்கொண்டார். ஒருநாள், “இவ்வாண்டு வரிக்கணக்குகளை யாமே கேட்போம்” என்று அறிவித்தார். அமைச்சர்கள் “தங்கள் சித்தம்” என்று வணங்கினார்கள். பிறகு வீட்டுக்குச் சென்று, தத்தம் கணக்குகளை அவசரமாகத் திருத்தி எழுதினார்கள்.

அவையில் மருதக்கூத்தர் என்றொரு விகடர் இருந்தார். ஆண்டுக்கு நூற்றிருபது பொன் ஊதியம். பௌர்ணமிக்கு மூன்று நாள் முன்பு, அவை தொடங்கியதும் அரசர் அவரை அழைத்தார்.

“மருதக்கூத்தரே, உம்மிடம் யாம் ஒரு குறை காண்கிறோம்.”

“ஒன்றுதானா, அரசே? என் வீட்டுக்காரி ஒன்பது சொல்லுவாள்.”

“இப்போதெல்லாம் உமது விகடங்களின் முடிவில் யாரோ ஒருவர் ஊர் திரும்புகிறார். நேற்றைய கதையில் குரங்கு ஊர் திரும்பியது. முந்தாநாள் கதையில் தொலைந்துபோன செருப்பு ஊர் திரும்பியது. செருப்பு எப்படி ஐயா ஊர் திரும்பும்?”

“இரண்டும் சேர்ந்துதான், அரசே. ஒன்று மட்டும் வந்தால் யாருக்கும் பயனில்லை.”

அரசர் சிரித்தார். அரசர் சிரித்ததனால் அவையும் சிரித்தது. சொன்னவர் சிரிக்கவில்லை.

அதற்குக் காரணம் இருந்தது. மருதக்கூத்தரின் மனைவி வடிவாள் ஒரு மருத்துவச்சி. பதினான்கு ஆண்டுகள் அவ்வூரில் பிரசவம் பார்த்தவள். ஒரு மாசி மாதத்தில், வயிற்றில் குழந்தை குறுக்காகக் கிடந்த இரண்டு பெண்களை அவளால் காப்பாற்ற இயலவில்லை. இரண்டாவது வீட்டிலிருந்து திரும்பி வந்தவள், கிணற்றடியில் கைகளை வெகுநேரம் கழுவினாள். பிறகு அவற்றை விரித்துப் பார்த்து, “இந்தக் கைக்குத் தெரிந்தது போதவில்லை” என்றாள். வடமலைக்கு அப்பால், பதினெட்டு நாள் பயணத்தில், மகப்பேற்று மருத்துவம் கற்பிக்கும் கல்விச்சாலை ஒன்று இருந்தது. மூன்றாண்டுப் படிப்பு, ஆண்டுக்கு அறுபது பொன் கட்டணம். “போய் வா” என்று சொன்னவர் மருதக்கூத்தர்தான். சொன்னபோது எளிதாகத்தான் இருந்தது.

இரண்டு ஆண்டுகள் கழிந்திருந்தன. அவ்விரண்டு ஆண்டும் அறுபது பொன்னை மருத்துவத் தொழிலின் செலவாகக் காட்டி, வரிக்கணக்கில் கழித்திருந்தார்.

புதிதாகக் கருவூலத்துக்குத் தலைமை ஏற்று, வரி வாங்கும் அதிகாரியும் ஆகியிருந்த தாண்டவராயர் இப்போது எழுந்தார். அரசர் வெற்றிலை மடித்தால் முதல் சுருள் விகடருக்குப் போவது அவருக்குப் பொறுக்கவில்லை. இரண்டாம் சுருள் தமக்கு வருவதை அவர் எண்ணிப் பார்த்ததில்லை.

“அரசே, இவர் வீட்டுக் கணக்கில் கல்விக் கட்டணம் என்று இரண்டு ஆண்டாக ஆண்டுக்கு அறுபது பொன் கழிக்கப்பட்டிருக்கிறது. மூன்றாம் ஆண்டுக்கும் கழிக்கக் கோருகிறார். அடியேன் ஒரே ஒரு கேள்வி கேட்க அனுமதி வேண்டும்.”

“கேளும்.”

“விகடரே, இந்தக் கல்வி உமது மனைவியாரை மாற்றுகிறதா, மாற்றவில்லையா?”

மருதக்கூத்தர் வாய் திறப்பதற்குள் அவரே தொடர்ந்தார்.

“மாற்றவில்லை என்றால் அறுபது பொன்னும் வீண்செலவு. வீண்செலவைக் கழிக்கச் சட்டத்தில் இடமில்லை. மாற்றுகிறது என்றால், போனவர் வேறு, வரப்போகிறவர் வேறு. அது புதியதொரு தொழிலை வாங்கிய விலை ஆகும்; பழைய தொழிலை நடத்திய செலவு ஆகாது. எந்தப் பக்கம் புரட்டினாலும் கழியாது, அரசே. ஆண்டுக்குப் பத்துப் பொன் வீதம், மூன்று ஆண்டுக்கு முப்பது பொன் இவர் கட்ட வேண்டும்.”

அவையில் ஒரு மெச்சுதல் ஓசை எழுந்தது. அரசர் தொடையைத் தட்டி மகிழ்ந்தார்.

“நல்ல கிடுக்கிப்பிடி. விகடரே, விடை உண்டா?”

“உண்டு, அரசே. முதலாவதாக…”

“நிறுத்தும். சொல்லால் நீர் எதையும் நிறுவிவிடுவீர். சென்ற வாரம் பட்டத்து யானை ஒரு பூனைதான் என்று நிறுவினீர். யாமும் நம்பி அதற்கு ஒரு கிண்ணம் பால் வைக்கச் சொல்லிவிட்டோம். இம்முறை சொல் வேண்டாம். உமது மனைவியார் பெற்ற கல்வி எத்தகையது என்பதை எம் விரலால் தொட்டுப் பார்க்கும்படி பௌர்ணமியன்று காட்டும். தொட்டு உணர்ந்தால் கழியும். இல்லையேல் முப்பது பொன்னைக் கட்டிவிடும்.”

பதினெட்டு நாள் தொலைவில் ஒருத்தியின் கைகளுக்குள் இருக்கும் ஒன்றை மூன்று நாளில் அரசரின் விரலுக்குக் கொண்டுவர வேண்டும். அவை கலைந்தது.

படியிறங்கும்போது தாண்டவராயர் பக்கத்தில் வந்தார்.

“முகம் ஏன் வாடியிருக்கிறது, விகடரே? உம்மிடம் மூன்றாம் ஆண்டுக் கட்டணமாக அறுபது பொன்தானே கைவசம் இருக்கிறது? அதில் முப்பது இங்கே வந்துவிட்டால் கட்டணம் போகாது. கட்டணம் போகாவிட்டால் கல்விச்சாலையார் பெயரை அடித்துவிட்டு அனுப்பிவிடுவார்கள். ஆவணி முடிவதற்குள் மனைவியார் வீட்டில் இருப்பார். பார்க்கப்போனால் நான் உமக்கு உபகாரம் அல்லவா செய்கிறேன்?”

இதை மருதக்கூத்தர் அறியாதவர் அல்லர். பௌர்ணமிக்கு மறுநாள் புறப்படும் உப்பு வணிகர்களிடம் கொடுத்தனுப்ப வேண்டிய பொன் அது. அது குறைந்தால் என்ன ஆகும் என்பது அவருக்கு முன்பே தெரியும். ஆனால் பகைவர் வாயால் கேட்டபோதுதான் அது ஓர் ஆசையாக மாறியது.

மாலையில் ஆற்றுத்துறையில் அங்கமுத்து அவருக்காகக் காத்திருந்தார். அங்கமுத்து அரண்மனை நாவிதர்; வடிவாளின் அண்ணன்.

“மாப்பிள்ளை, ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே?”

“கேளுங்க மச்சான்.”

“தோத்துப் போயிடுங்களேன்.”

மருதக்கூத்தர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“பெரிய வித்தை ஒண்ணும் வேண்டாம். எங்களை மாதிரி சும்மா கையைக் கட்டிக்கிட்டு நின்னாப் போதும். அந்த முப்பது பொன்னை அந்த மனுசன் எடுத்துக்கிட்டுப் போகட்டும். தங்கச்சி வந்து இறங்கிடுவா. ரெண்டு வருசமாச்சு அவ கையால குழம்பு சாப்பிட்டு.”

“எனக்கும்தான்.”

“உங்களுக்குத்தான் முதல்ல. கண்ணாடியில பாத்தீங்களா? மழிக்கிறப்ப கன்னத்துக் குழியில கத்தி இறங்கி ஏற வேண்டியிருக்கு. மேடு பள்ளத்துல பல்லக்குத் தூக்கற மாதிரி.”

ஆற்றின் அக்கரையில் யாரோ மாட்டைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள்.

“சரி மச்சான்” என்றார் மருதக்கூத்தர். “தோத்துடறேன்.”

சொன்னதும் உடம்பு லேசாயிற்று. மறுநாள் காலையில் வீட்டைப் பெருக்கினார். பரண்மேல் சுருட்டி வைத்திருந்த வடிவாளின் பாயை இறக்கித் தட்டி, வாசலில் வெயிலில் விரித்தார். அவள் நீர் எடுக்கும் செப்புக்குடத்தைப் புளியிட்டுத் துலக்கினார். அவையில் எப்படித் தோற்பது என்பதைக் குடத்திடம் சொல்லிப் பார்த்தார். “அரசே, தொட்டுக் காட்ட என்னால் இயலவில்லை.” அவ்வளவுதான், ஐந்தே சொற்கள். தம் வாழ்நாளில் இத்தனை எளிய விகடத்தை அவர் இயற்றியதில்லை.

நண்பகலில் உப்பு வணிகர்கள் ஊருக்குள் வந்து சேர்ந்தார்கள். அவர்களுள் ஒருவர் ஓலைச்சுருள் ஒன்றைக் கொடுத்துச் சென்றார். வடிவாளின் எழுத்து சற்றே இடப்பக்கம் சாயும். அதைப் பார்த்தவுடன் அவர் உட்கார்ந்துவிட்டார்.

“நலம். அங்கும் நலமாக இருக்க வேண்டும். இங்கே மழை தொடங்கிவிட்டது. ஒரு தோல்பையில் வெந்நீர் நிரப்பி, மரப்பிள்ளை ஒன்றை உள்ளே குறுக்காகப் போட்டு வாயைத் தைத்துக் கொடுக்கிறார்கள். கண்ணைக் கட்டிக்கொண்டு, வெளியிலிருந்தே தடவி அதன் தலையைக் கீழே கொண்டுவர வேண்டும். முதலாண்டில் பன்னிரண்டு முறைக்கு நான்கு முறைதான் வந்தது. இப்போது பதினொன்று வருகிறது. பன்னிரண்டாவது எப்படிப் புரண்டு கிடக்கும் என்று யாராலும் முன்பே சொல்ல முடியாதாம். மூன்றாம் ஆண்டு முழுவதும் அந்தப் பன்னிரண்டாவதற்குத்தான் என்கிறார் ஆசிரியை. நான் வீட்டை விட்டு வந்ததும் அதற்குத்தான் என்று உங்களுக்குத் தெரியும்.

உங்கள் கால் நகத்தை யார் வெட்டுகிறார்கள்? அண்ணனிடம் காலை நீட்டாதீர்கள். அவர் முகத்துக்குப் பழகியவர். காலில் ஆழமாக வெட்டிவிடுவார். இங்கே மாலை நேரத்தில் பக்கத்து வீட்டில் கடுகு தாளிக்கிறார்கள். அந்த ஒரு நாழிகை மட்டும் எனக்குப் பாடம் ஏறுவதில்லை.”

மூன்று முறை படித்தார். மூன்றாம் முறை, கடைசி வரியை மட்டும். பிறகு எழுந்து சென்று, வாசலில் காய்ந்துகொண்டிருந்த பாயைச் சுருட்டி, மீண்டும் பரண்மேல் வைத்தார்.

அங்கமுத்துவைத் தேடிப் போனபோது அவர் கோட்டை வாசலில் வேலையாக இருந்தார். வரிச்சபைக்காகச் சுற்றுப்புறத்து ஊர்த்தலைவர்கள் வந்து குவிந்திருந்தார்கள். அன்று மட்டும் இருபது தாடைகள். நாளைக்கு இன்னும் இருபது. வேலையை முடித்துவிட்டு அங்கமுத்து கத்தியை வெயிலில் பிடித்துப் பார்த்தார்.

“மழுங்கிப் போச்சு மாப்பிள்ளை. தோல்வார்ல தீட்டினாலெல்லாம் இனி மசியாது. நாளைக்கு நாற்பது ஆனதும் சாணைக்காரர்கிட்டக் கொடுக்கணும். அப்பத்தான் பௌர்ணமிக்கு அந்தக் கருவூலத்துப் பெரிய மனுசன் முகத்துல வைக்க முடியும்.”

மருதக்கூத்தர் அந்தக் கத்தியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“மச்சான், சாணைக்குக் கொடுக்கறதுக்கு முன்னாடி, அந்தக் கூலி கழியுமான்னு தாண்டவராயர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிட்டா என்ன?”

“அதென்ன புதுசா? எங்க தாத்தா காலத்துலருந்து கழியுது.”

“கேக்கறதுல தப்பில்லையே.”

அங்கமுத்து மைத்துனரின் முகத்தை உற்றுப் பார்த்தார். முகங்களைப் பார்த்தே பிழைப்பு நடத்துகிறவர். “அப்ப நீங்க தோக்கப் போறதில்லை” என்றார்.

“ஓலை வந்திச்சு, மச்சான்.” எடுத்துக் கொடுத்தார். அங்கமுத்து எழுத்துக்கூட்டி மெதுவாகப் படித்தார். நகத்தைப் பற்றிய இடம் வந்ததும், “நான் எப்பக் காலை வெட்டினேன்? ஒரே ஒரு தடவை” என்று முனகினார். ஓலையைத் திருப்பிக் கொடுக்க அவருக்குச் சற்று நேரம் ஆயிற்று. பிறகு மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கருவூலத்தை நோக்கி நடந்தார்.

“ஐயாவுக்கு வணக்கம். ஒரு சந்தேகம் தீர்த்து வைக்கணும். இந்த வருசம் சாணைக்கூலி கழியுங்களா?”

“வழக்கம்போலக் கழியும். இதென்ன கேள்வி, அங்கமுத்து?” என்றார் தாண்டவராயர்.

“இல்லீங்க, சபையில ஐயா சொன்னதை வாசல்ல நின்னு கேட்டேன். சாணை பிடிச்சாக் கத்தி மாறுதுங்களா, மாறலீங்களா? மாறலைன்னா வீண்செலவு. மாறிச்சுன்னா புதுக்கத்தி. ரெண்டும் கழியாதுன்னு ஐயாதான் சொன்னீங்க. நாளைக்குப் பின்னால என் தலையில விழக் கூடாது பாருங்க.”

தாண்டவராயர் எழுதுகோலைக் கீழே வைத்தார். இவரை அனுப்பியவர் யார் என்பது அவருக்கு உடனே விளங்கிவிட்டது. சாணைக்கூலி கழியும் என்று இப்போது சொன்னால், நாளை மறுநாள் அதையே விகடர் சபையில் வீசுவார். அவ்வளவு எளிதில் அகப்படுவதற்கு அவர் நேற்றுப் பிறந்தவரா?

“நீ சொல்வது நியாயம்தான். சட்டம் எல்லோருக்கும் ஒன்றே. சாணைக்கூலி இனிக் கழியாது.”

“எழுத்துல கொடுத்தாத் தேவலை.”

அவர் எழுதி, முத்திரையும் இட்டுக் கொடுத்தார். ஒரு பொறியைத் தாண்டிவிட்ட மகிழ்ச்சியில் அன்று இரண்டு பணியாரம் கூடுதலாகச் சாப்பிட்டார். பௌர்ணமி காலையில் தம் முகத்தில் ஏறப்போகிற கத்தி எது என்பதை மட்டும் அவர் எண்ணிப் பார்க்கவில்லை.

பௌர்ணமி காலை. சபை முற்றம் நிரம்பி வழிந்தது. அரசர் மேடையில் அமர்ந்திருந்தார். நடுவில் பலகையின்மேல் தாண்டவராயர். அங்கமுத்து நீர் தடவி, பணிவுடன் கத்தியை இடக் கன்னத்தில் வைத்து இழுத்தார்.

நாற்பது தாடைகளைக் கண்ட கத்தி அது. பாதி மயிரை வெட்டியது. மீதியை வேரோடு விசாரித்தது. தாண்டவராயர் பலகையை இறுகப் பிடித்துக்கொண்டார். இரண்டாம் இழுப்பில் அவர் கண்கள் நிறைந்தன.

“தாண்டவராயரே, வரி வாங்கும் முன்பே கண்ணீரா?” என்றார் அரசர். “வழக்கமாக அது கொடுப்பவர்களுக்கு அல்லவா வரும்?”

முற்றத்தில் சிரிப்பு எழுந்தது.

“என்ன கத்தி இது?” என்று தாண்டவராயர் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார்.

“அதே பழைய கத்திதானுங்க.”

“சாணை பிடிக்கவில்லையா?”

“கழியாத செலவுங்களே” என்று அங்கமுத்து இடுப்பிலிருந்து ஓலையை எடுத்துக் காட்டினார். “முத்திரைகூட இருக்குதுங்க.”

இடக் கன்னம் முடிந்திருந்தது, முடிந்ததாகச் சொல்லிக்கொள்ளலாம். வலக் கன்னம் தொடப்படாமல் இருந்தது. அந்த முகத்துடன் ஆசனத்தில் ஏறினால் ஒரு காசு வரியும் செல்லாது. அதே கத்திக்கு வலக் கன்னத்தைக் கொடுக்கவோ மனம் துணியவில்லை.

“போய்ச் சாணை பிடித்து வா. என் சொந்தப் பொன்னில் கொடுக்கிறேன்.”

“வீண்செலவாச்சுங்களே, ஐயா.”

“வீணில்லை. போ.”

“அப்ப புதுக்கத்தியா வந்திருமே. எனக்குப் பழகின கத்திதான் கைக்கு வாகு.”

“அட, அதே கத்திதான் வரும். சாணை பிடித்தால் கத்தி எங்கே போய்விடும்? சீக்கிரம் போ.”

முற்றம் முழுவதும் இதைக் கேட்டது. அங்கமுத்து கோட்டை வாசலில் அமர்ந்திருந்த சாணைக்காரரிடம் சென்று வந்தார். இம்முறை கத்தி வலக் கன்னத்தில் ஓடியதே தெரியவில்லை.

அப்போது மருதக்கூத்தர் முன்வந்து வணங்கினார்.

“அரசே, தங்கள் ஆணைப்படி என் மனைவி பெற்ற கல்வி எத்தகையது என்பதைக் கொண்டுவந்திருக்கிறேன். அருள்கூர்ந்து தொட்டுப் பார்க்க வேண்டுகிறேன்.”

“எங்கே?”

“தாண்டவராயரின் கன்னங்களில்.”

அரசர் மேடையிலிருந்து இறங்கினார். ஒரு விரலால் இடக் கன்னத்தைத் தொட்டார்; பலாப்பழத்தைத் தொட்டவர்போல விரலை எடுத்துக்கொண்டார். வலக் கன்னத்தைத் தொட்டார். வாழைக்குருத்தின்மேல் வைத்ததுபோல விரல் வழுக்கியது. மீண்டும் இடக் கன்னம். மீண்டும் வலக் கன்னம்.

“இரண்டும் ஒரே கத்தியா?”

“அதே கத்தி என்று தாண்டவராயரே சற்று முன் சாட்சி சொன்னார், அரசே. வீண்செலவு இல்லை என்றும் அவரே சொன்னார். கேட்டுப் பார்க்கலாம்.”

தாண்டவராயர் எளிதில் விடுகிறவர் அல்லர். “அரசே, கத்தி கத்தியாகவே திரும்பியது. இந்த அம்மையார் மருத்துவச்சியாகப் போய், பெரிய வைத்தியராகத் திரும்பி வேறு தொழில் தொடங்கிவிட்டால்?”

“இல்லை, ஐயா” என்றார் மருதக்கூத்தர். “போகுமுன் பிரசவம் பார்த்தாள். வந்தும் பிரசவம்தான் பார்ப்பாள். அதே வீடுகள், அதே விளக்கெண்ணெய்க் கிண்ணம். முன்பு நேராக வந்த குழந்தையை ஏந்தினாள். இனிக் குறுக்கே கிடப்பதையும் நேராக்கி ஏந்துவாள். குழந்தை வரும் வழி ஒன்றுதானே?”

முற்றத்துப் பெண்கள்தாம் முதலில் சிரித்தார்கள். பிறகு அரசர் சிரிக்கத் தொடங்கினார். தாண்டவராயரின் முகத்தை ஒரு பக்கத்திலிருந்து பார்ப்பார், சிரிப்பார். மறுபக்கம் சென்று பார்ப்பார், மீண்டும் சிரிப்பார்.

“கழியும்” என்றார் கடைசியில். “மூன்று ஆண்டுக் கல்விக் கட்டணமும் கழியும். தன் தொழிலை மேலும் நன்றாகச் செய்வதற்காக ஒருவர் கற்கும் கல்வி, சாணை பிடித்த செலவாகவே இந்நாட்டில் கொள்ளப்படும். எழுதிக்கொள்ளும்.”

தாண்டவராயர் எழுதிக்கொண்டார். மருதக்கூத்தர் வணங்கித் திரும்பினார். வென்றவரின் நடையாக அது இல்லை. அரசர் அதைக் கவனித்தார்.

“நில்லும், விகடரே. நீர் தோற்றிருந்தால் இவ்வாண்டுக் கட்டணத்துக்குப் பொன் போதாமல், உமது மனைவியார் ஆவணிக்குள் வந்திருப்பார் அல்லவா?”

“ஆம், அரசே.”

“அது உமக்குத் தெரியுமா?”

“மூன்று நாளாக வேறு எதுவும் தெரியவில்லை, அரசே.”

“பின் ஏன் வென்றீர்?”

மருதக்கூத்தர் சற்றே தயங்கினார். “வந்திருப்பாள். வந்தவள் நாள்தோறும் வடமலையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். இப்போது நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒரு வீட்டில் ஒருவர் பார்த்தால் போதும், அரசே.”

அரசர் வெற்றிலைப் பெட்டியைத் திறந்தார், எடுக்காமலே மூடினார்.

“தாண்டவராயரே, இவ்வீட்டுத் தொழிற்கருவி ஒன்று அயல்நாட்டில் சாணையில் இருக்கிறது. இரண்டு ஆண்டாகச் செலவைக் கழித்து வருகிறோம். அரண்மனை சார்பில் யாரேனும் நேரில் பார்வையிட்டதுண்டா?”

“இல்லை, அரசே.”

“பெருங்குறை. நீர் போய் வாரும்.”

தாண்டவராயர் இடக் கன்னத்தைத் தடவிக்கொண்டார். “இந்த முகத்துடன் அடியேன் அயல்நாடு செல்வது நம் நாட்டுக்கே இழுக்கு.”

“அப்படியானால் விகடர்தான் போக வேண்டும். போக வரப் பயணம் முப்பத்தாறு நாள். அங்கே பார்வையிட எத்தனை நாள் ஆகும், விகடரே?”

அந்த அவையில் மருதக்கூத்தருக்கு முதன்முறையாக விடை வரவில்லை. வாயைத் திறந்தார், மூடினார். மறுபடி திறந்தார். அவரது முகத்தில் இருந்ததை முற்றத்தின் கடைசி வரிசைவரை எல்லோரும் பார்த்தார்கள். தாண்டவராயரும் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“ஒரு மாதமாவது ஆகும், அரசே” என்றார் கருவூலத் தலைவர். “அயலூர்ப் பதிவேடுகள் சரியாக இருப்பதில்லை. பொறுமையாகத்தான் பார்க்க வேண்டும்.”

அரசர் மீண்டும் சிரித்தார். அன்றைய இரண்டாம் சிரிப்பு முதலாவதைவிட நீண்டது. நூறு பொன்னும் பட்டும், வெள்ளைக் காளைகள் பூட்டிய வண்டியும் விகடருக்குப் பரிசாக வழங்கப்பட்டன.

“ஆனால் கார்த்திகைக்குள் திரும்பிவிட வேண்டும். தனியாகத்தான்” என்றார் அரசர்.

“தனியாகத்தான், அரசே.”

மறுநாள் உப்பு வணிகரின் மாடுகள் வடக்கு வாசலைக் கடந்தன. அரண்மனை வண்டியும் பின்னால் சென்றது. அதில் மெத்தை விரித்திருந்தது, வெயிலுக்குப் பந்தல் போட்டிருந்தது. வண்டியோட்டி மெத்தையைத் தட்டி, “ஐயா, ஏறி உக்காருங்க, பதினெட்டு நாள் போகணும்” என்று மூன்று முறை கூப்பிட்டார். கூப்பிட்டது மருதக்கூத்தரின் காதில் விழவில்லை. மாடுகளுக்கெல்லாம் முன்னால், மேல்துண்டு காற்றில் பறக்க, அவர் வெகுதூரம் போயிருந்தார்.